மூன்று கந்தோர், ஒரே கோப்புறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரில் தலைமைக் கந்தோர், நெல்லியடியில் ஒரு கிளை, கிளிநொச்சியில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கோப்புச் சேர்வர். மூன்றிலும் அதே கோப்புறைகள், அதே கோப்புகள் இருக்க வேண்டும். இப்படி ஒரு அமைப்பைப் பல வருடமாகப் பராமரித்து வருகிறேன். வேறு கந்தோர்களில் இதே வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி தொலைபேசி எடுத்துக் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், கேட்கும் ஆள்தான் வேறு. அதனால் எழுதி வைத்துவிட்டேன். பதில்களில் அதிகம் வருவது விண்டோஸ் சேர்வரில் உள்ள டிஎஃப்எஸ், அதாவது பல சேர்வர்களில் உள்ள கோப்புறைகளை ஒன்றாகக் காட்டவும் ஒத்திசைவாக வைத்திருக்கவும் உள்ள வசதி. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் நாஸ் பெட்டி (வலையமைப்பில் செருகும் சேமிப்புப் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கும் இடையிடையே கொஞ்சம் உண்டு.

மூன்று சேர்வர் எதற்கு? யாழ்ப்பாணத்தில் ஒன்றை வைத்து எல்லோரும் அதிலேயே வேலை செய்தால் என்ன?

முடிந்தால் அப்படியே செய்யுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. ஒரே ஒரு பிரதி இருக்கும் இடத்தில் இரண்டு பிரதிகள் முரண்பட வழியே இல்லை. கிளையில் நாலைந்து பேர், வேர்ட், எக்செல் மட்டும்தான் வேலை என்றால் வன்டிரைவ், கூகிள் டிரைவ் போன்றவையே போதும். ஆனால் அவற்றின் கட்டணம் டொலரில் வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியபோது, அந்த மாதாந்தக் கட்டணத்தைப் பார்த்து முதலாளிமார் முகம் போன போக்கு எனக்கு நினைவிருக்கிறது.

தூரத்துச் சேர்வரில் நேரடியாக வேலை செய்வதில் இன்னொரு சோலி இருக்கிறது. விண்டோஸ் பகிர்வு ஒரு கோப்பைத் திறப்பதற்கே சேர்வருடன் பல தடவை கேட்டுச் சொல்லும். ஒரே கட்டடத்துக்குள் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மில்லிசெக்கன்கூட ஆகாது. அதே வேலை விபிஎன் (கந்தோர்களை இணையத்தின் மேல் இணைக்கும் தனிப்பாதை) வழியே தடவைக்கு 40 மில்லிசெக்கன் என்று போனால், ஆயிரம் தடவைக்கு 40 செக்கன். பெரிய கோப்புறையைச் சொடுக்கிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். வரைபடங்கள், ஒன்றோடொன்று இணைத்த எக்செல் கோப்புகள் என்றால் இன்னும் மோசம். பிறகு, இணைப்பு அறுந்தால் கிளை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

டிஎஃப்எஸ் போட்டுவிட்டோம், ஆனால் கோப்புகள் மற்ற இடத்துக்குப் போகவில்லை. ஏன்?

நீங்கள் போட்டது பாதி. டிஎஃப்எஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு தனித்தனிச் சாமான்கள் இருக்கின்றன. நேம்ஸ்பேஸ் என்பது பெயர்ப்பலகை மட்டும். ஒரே பாதையைச் சொடுக்கினால் நெல்லியடிக்காரரை நெல்லியடிச் சேர்வருக்கும், கிளிநொச்சிக்காரரைக் கிளிநொச்சிச் சேர்வருக்கும் அது காட்டிவிடும். கோப்பை ஒரு சேர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு போவது ரெப்ளிகேஷன். ஒன்று இல்லாமல் மற்றதை வைத்திருக்கலாம். இரண்டும் இருந்தால்தான் நீங்கள் நினைக்கிற வேலை நடக்கும்.

பெயர்ப்பலகை பிழையான பக்கம் காட்டுவதும் உண்டு. எந்த ஐபி வரிசை எந்தக் கந்தோருக்கு உரியது என்று ஆக்டிவ் டைரக்டரியில் (கணனிகளையும் பாவனையாளரையும் பதிந்து வைக்கும் விண்டோஸ் அடைவு) சைட், சப்நெட் பகுதியில் எழுதியிருக்க வேண்டும். கிளை திறந்த அவதியில் இதை மறந்துவிடுவார்கள். நெல்லியடியில் இருக்கும் கணனி கிளிநொச்சிச் சேர்வரில் கோப்பைத் திறந்துகொண்டிருக்கும். ‘நெட் மெதுவாக இருக்கிறது’ என்ற முறைப்பாடு வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ஒரு கோப்பில் ஒரு வரி மாற்றினால் முழுக் கோப்பும் போகுமா?

போகாது. ஆர்டிசி என்ற உத்தி கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு கையொப்பம் (சுருக்கக் குறி) கணித்து, மற்றப் பக்கத்தில் இல்லாத துண்டுகளை மட்டும் அனுப்பும். 64 கிலோபைற்றுக்குக் குறைந்த கோப்புகளை அது வழக்கமாக முழுதாகவே அனுப்பிவிடும். அவ்வளவு சின்னக் கோப்பைக் கூறு போடுவது வீண் மினக்கேடு.

இந்த எண்ணம் புதிதல்ல. 1996இல் ஆண்ட்ரூ ட்ரிஜெல், பால் மக்கெராஸ் இருவரும் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற கோப்பு ஒத்திசைவு மென்பொருள் இதே தத்துவத்தில்தான் இன்றும் ஓடுகிறது. லினக்ஸ் சேர்வரை விண்டோஸ் பகிர்வு போலப் பேசவைக்கும் சாம்பாவைத் தொடங்கியவரும் அதே ட்ரிஜெல்தான். மைக்ரோசொஃப்ட் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷனைக் கொண்டுவந்தது விண்டோஸ் சேர்வர் 2003 ஆர்2 பதிப்பில். அதற்கு முந்தியிருந்த எஃப்ஆர்எஸ், சின்ன மாற்றத்துக்கும் முழுக் கோப்பையும் தூக்கிக்கொண்டு ஓடும்.

சுருக்கிய கோப்புகளில் இந்த உத்தி அவ்வளவாக எடுபடாது. ஒரு ஸிப் கோப்புக்குள் ஒரு வரி மாறினாலும் உள்ளே பெரும்பகுதி மாறிவிடும்.

நெல்லியடியிலும் யாழ்ப்பாணத்திலும் இரண்டு பேர் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன நடக்கும்?

ஒருவருடைய வேலை காணாமல் போகும். அதுவும் ஒரு சத்தமும் இல்லாமல்.

ஒரே சேர்வரில் இருந்தால் இரண்டாவது ஆளுக்கு ‘இந்தக் கோப்பை இன்னொருவர் திறந்திருக்கிறார்’ என்று எக்செல் சொல்லும். அந்தப் பூட்டை வைத்திருப்பது அந்தச் சேர்வர் மட்டும். டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் பூட்டை மற்றக் கந்தோருக்குக் கொண்டு போவதில்லை. ஆகவே இரண்டு இடத்திலும் கோப்பு தாராளமாகத் திறக்கும், தாராளமாகச் சேமிக்கப்படும். பிறகு இரண்டு பிரதிகளும் சந்திக்கும்போது கடைசியாகச் சேமித்தது வெல்லும், மற்றது ஒதுக்கப்படும். எது சரி என்று அதற்குத் தெரியாது, எது பிந்தியது என்று மட்டும்தான் தெரியும்.

எனக்கு இது நடந்தது ஒரு மாத முடிவில். நெல்லியடியில் கணக்கு எழுதும் அக்கா காலையிலிருந்து மேலதிக நேரக் கொடுப்பனவுகளை ஒரு எக்செல் கோப்பில் அடித்துக்கொண்டிருந்தார். மதியம் சேமித்துவிட்டுச் சாப்பிடப் போனார். அதே கோப்பை யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலையிலேயே திறந்து வைத்துவிட்டு, பின்னேரம் 3 மணிக்கு ஒரேயொரு தொலைபேசி இலக்கத்தைத் திருத்திச் சேமித்தார். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது: “தம்பி, நான் விடியத் தொடங்கி அடிச்சது முழுக்கக் காணேல்லை. ஒரு நம்பர் மட்டும் புதுசாக் கிடக்கு.” நாற்பத்து சொச்ச வரிகளை ஒரு தொலைபேசி இலக்கம் தின்றுவிட்டது. மென்பொருளைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. சிவப்பு எச்சரிக்கை ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது தொழில்நுட்ப வேலையே அல்ல. ஒரு தாளை எடுத்து, மேல்மட்டக் கோப்புறைகள் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கந்தோரின் பெயரை எழுதச் சொன்னேன். சம்பளம் யாழ்ப்பாணம். வடமராட்சி வாடிக்கையாளர் நெல்லியடி. கொள்முதல் கிளிநொச்சி. சொந்தக்காரக் கந்தோர் மட்டும்தான் அதில் எழுதலாம், மற்றவை வாசிக்கலாம். விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 முதல் ஒரு பிரதியை வாசிப்புக்கு மட்டும் என்று வைக்கவும் வசதி இருக்கிறது. தாள் நிரம்ப இரண்டு கிழமை எடுத்தது. நான் நினைத்ததைவிடச் சண்டையும் நடந்தது, ஏனென்றால் ஒவ்வொரு கோப்புறையும் தங்களுடையது என்று இரண்டு பேராவது நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையான பிரச்சினை அங்கேதான் இருந்திருக்கிறது, சேர்வரில் அல்ல.

இரண்டு கந்தோரும் கட்டாயம் சேர்ந்து எழுத வேண்டிய கோப்புகள் என்று மிஞ்சியவை 11. அவற்றை ரெப்ளிகேஷனுக்கு வெளியே, ஒரே சேர்வரில் வைத்தோம். அதைத் திறக்கக் கிளைக்காரர் கொஞ்சம் காத்திருக்கிறார்கள். பரவாயில்லை.

ஒதுக்கப்பட்ட பிரதி எங்கே போகிறது? மீட்கலாமா?

கெதியாகப் பார்த்தால் மீட்கலாம். தோற்ற கோப்பை ‘கொன்ஃபிளிக்ட் அன்ட் டிலீட்டட்’ என்ற மறைந்த கோப்புறைக்கு அது நகர்த்தும். ரெப்ளிகேட் ஆகும் கோப்புறைக்குள் ‘டிஎஃப்எஸ்ஆர் பிரைவேட்’ என்று ஒன்று இருக்கும், அதற்குள் தேடுங்கள். உள்ளே போனால் முதலில் பயமாக இருக்கும். பழைய பெயருக்குப் பின்னால் நீண்ட அடையாள எண்ணும் பதிப்பு எண்ணும் ஒட்டியிருக்கும், உபகோப்புறைகளும் கலைந்து கிடக்கும். எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்பது பக்கத்திலேயே இருக்கும் ஒரு எக்ஸ்எம்எல் பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2 முதல் அந்தப் பட்டியலை வாசித்துப் பழைய இடத்துக்குத் திருப்பி வைக்கும் பவர்ஷெல் கட்டளை உண்டு. பழையதன் மேல் எழுதாமல் வேறோர் இடத்துக்குப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள்.

அந்த மறைவிடத்துக்கு அளவு உண்டு, புதிய பதிப்புகளில் வழமையாக 4 ஜிகாபைற். நிரம்பினால் பழையவற்றை அழிக்கத் தொடங்கும். அக்காவின் நாற்பது வரிகள் அன்று பின்னேரமே கிடைத்தன. அடுத்த கிழமை கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ சொல்ல முடியாது. அழைப்பு வந்த உடனேயே அந்தச் சேர்வருக்குப் போய்ப் பாருங்கள். எந்தச் சேர்வரில் தோற்றதோ அந்தச் சேர்வரில்தான் அது இருக்கும். எல்லாவற்றிலும் இராது.

திறந்தபடி இருக்கும் கோப்பு போகுமா?

மூடும் வரை போகாது. காலை 8 மணிக்குத் திறந்து மாலை 5 வரை மூடாத கோப்பு, மற்றக் கிளைக்கு 5 மணிக்குப் பிறகுதான் போகத் தொடங்கும். ஆகவே அவுட்லுக் பிஎஸ்டி (மின்னஞ்சல் கோப்பு), அக்சஸ் தரவுத்தளம், கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்பு போன்றவற்றை இதில் போடவே கூடாது. தரவுத்தளத்துக்கு அதற்கென்றே உள்ள பிரதியாக்க முறை இருக்கிறது.

சில கோப்புகள் மட்டும் ஒருநாளும் வந்து சேர்வதில்லை.

பெயரைப் பாருங்கள். அலைக்கோட்டுக் குறியில் தொடங்குபவை, டிஎம்பி, பிஏகே என்று முடிபவை வழமையாகவே வடிகட்டப்படும். தரவுத்தளப் பேக்கப்பைப் பிஏகே கோப்பாக எடுத்து, ‘மூன்று இடத்திலும் இருக்கிறதுதானே’ என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு இடத்தில்தான் இருந்தது. ‘தற்காலிகம்’ என்ற பண்பு குறிக்கப்பட்ட கோப்பும் போகாது. பெயரில் ஒன்றும் தெரியாததால் அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

கிளிநொச்சிக்கு முதல் தடவை 400 ஜிகாபைற் அனுப்ப வேண்டும். எவ்வளவு நாளாகும்?

கணக்குப் போடுங்கள். பதிவேற்ற வேகம் செக்கனுக்கு 10 மெகாபிற் என்றால், ஒரு நிமிடம்கூடத் தடைபடாமல் ஓடினாலும் கிட்டத்தட்ட 89 மணித்தியாலம். நாலு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நாலு நாளும் கந்தோரில் வேறு யாரும் இணையம் பாவிக்கக் கூடாது. நடக்கிற காரியமா?

ஒரு வெளி டிஸ்கில் பிரதி எடுத்து, கைப்பையில் போட்டு, ஏ9 வீதியில் கிளிநொச்சி பஸ் ஏறுங்கள். மதியத்துக்குள் தரவு அங்கே இருக்கும். எந்த பைபரும் அந்தப் பஸ்ஸை அன்று முந்தாது. டிஸ்கைப் பூட்டெழுத்தாக்கி (கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி செய்து) எடுத்துப் போங்கள், பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கினாலும் நிம்மதி.

பிரதி எடுக்கும் முறைதான் முக்கியம். இழுத்துப் போட்டுக் கொப்பி பண்ணாதீர்கள். விண்டோஸோடு வரும் ரோபோகொப்பி கட்டளையில் அனுமதிகளையும் உரிமையாளரையும் சேர்த்து எடுக்கும் தெரிவோடு எடுங்கள். டிஎஃப்எஸ் இரண்டு கோப்பும் ஒன்றா என்று பார்க்கும் கையொப்பத்தில் அனுமதிப் பட்டியலும் அடங்கும். உள்ளடக்கம் ஒன்றாக இருந்து அனுமதி வேறாக இருந்தால் ‘இது வேறு கோப்பு’ என்று முடிவு செய்து திரும்ப அனுப்பத் தொடங்கும். போன பஸ் வீண். பிரதி எடுத்த பிறகு பத்துக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்து, இரண்டு பக்கமும் டிஎஃப்எஸ் கையொப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவந்தால் ரெப்ளிகேஷனைத் தொடங்கலாம்.

தொடங்கும்போது முதன்மைச் சேர்வர் எது என்று கேட்கும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் மூச்சு விட்டு, ஆறுதலாகப் பதில் சொல்லுங்கள். முதல் ஒத்திசைவில் முதன்மையில் உள்ளதே வெல்லும். மற்றச் சேர்வரில் மட்டும் இருந்த கோப்புகள் ‘பிரீ எக்ஸிஸ்ற்றிங்’ என்ற மறைவான கோப்புறைக்குப் போய்விடும். வெறுமையான புதுச் சேர்வரை முதன்மை என்று குறித்தால், பழைய சேர்வரில் எல்லாம் அழிந்தது போலத் தெரியும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 4104 என்ற எண் வரும் வரை முதல் ஒத்திசைவு முடியவில்லை. அதுவரை கிளைக்காரரை அந்தச் சேர்வரில் வேலை செய்ய விடாதீர்கள்.

ஸ்டேஜிங் அளவு 4 ஜிகாபைற் போதுமா?

பெரும்பாலும் போதாது. ஸ்டேஜிங் என்பது போகும், வரும் கோப்புகளை டிஎஃப்எஸ் தற்காலிகமாக வைக்கும் இடம். கோப்புறையில் உள்ள மிகப் பெரிய 32 கோப்புகளின் அளவைக் கூட்டுங்கள், குறைந்தது அவ்வளவு கொடுங்கள். குறைவாகக் கொடுத்தால் 4202, 4204 என்ற நிகழ்வுகள் மாறி மாறி வரும்: நிரம்பியது, துடைத்தேன், நிரம்பியது, துடைத்தேன். வேலை நடக்கும், ஆனால் இழுபறியாக.

கரண்ட் திடீரென்று போனால்?

யூபிஎஸ் இல்லாமல் இந்த விளையாட்டுக்கு வராதீர்கள். டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் எந்தக் கோப்பு எந்தப் பதிப்பில் நிற்கிறது என்று ஒவ்வொரு வட்டுப் பகுதியிலும் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கும். சேர்வர் திடீரென்று விழுந்தால் அந்தத் தரவுத்தளம் ஒழுங்காக மூடப்படாது. சில விண்டோஸ் பதிப்புகளில் அதற்குப் பிறகு ரெப்ளிகேஷன் தானாகத் தொடங்காது. நிகழ்வுப் பதிவேட்டில் 2213 என்று எழுதி, தொடரச் சொல்லும் கட்டளையையும் அங்கேயே தந்துவிட்டு, நீங்கள் வரும் வரை காத்திருக்கும். நீங்கள் பதிவேட்டைப் பார்க்காவிட்டால் அது மாதக் கணக்கில் காத்திருக்கும். கோப்புகளைப் பேக்கப் எடுத்துவிட்டு அந்தக் கட்டளையைக் கொடுங்கள்.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, நேரம் முன்பே தெரிந்திருந்தது, சேர்வரை ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போனோம். அட்டவணை போட்ட மின்வெட்டு சேர்வருக்குப் பெரிய எதிரி அல்ல. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டதே, அப்படிப்பட்டதுதான் எதிரி. கந்தோரில் ஆள் இல்லை. யூபிஎஸ் இருபது நிமிடம் தாக்குப்பிடிக்கும், அதற்குப் பிறகு? யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரைச் சேர்வரில் செருகி, பற்றரி குறைந்தால் தானாக ஒழுங்காக மூடும்படி செய்து வைப்பதுதான் வழி. அந்த வயர் பல இடங்களில் பெட்டிக்குள்ளேயே, பொலித்தீன் உறை கிழிக்காமல் கிடக்கும்.

மழைக்காலத்தில் கிளை இணைப்பு நீண்ட நாள் இல்லை. மீண்டும் வந்தால் தானாகச் சரியாகுமா?

சில நாள், சில கிழமை என்றால் ஆகும். விண்டோஸ் சேர்வர் 2012 முதல் வழமையான எல்லை 60 நாள். அதைத் தாண்டி ஒரு சேர்வர் தொடர்பில்லாமல் இருந்தால் 4012 என்று எழுதி, அதை உள்ளே எடுக்க மறுத்துவிடும். கோபப்படாதீர்கள், காரணம் உண்டு. அழித்த கோப்புக்கு ‘இது அழிக்கப்பட்டது’ என்ற ஒரு குறிப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும், அதையும் காலம் போனால் டிஎஃப்எஸ் துடைத்துவிடும். குறிப்பும் போன பிறகு பழைய சேர்வர் ஒன்று திரும்பி வந்தால், அதிலுள்ள அழித்த கோப்புகள் எல்லாம் புதுக்கோப்பு போல உயிர்த்து எல்லா இடத்துக்கும் பரவும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வயர் அறுவது இங்கே புதினமல்ல. தீவுப்பகுதியில் கிளை வைத்திருப்பவர்கள் நாட்காட்டியில் 40ஆவது நாளிலேயே ஒரு குறி போட்டு வையுங்கள். டொங்கிள் ஒன்றைச் செருகி ஒரு இரவு ஓடவிட்டாலும் எண்ணிக்கை திரும்பப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். இணைப்பு இல்லாத நாட்களில் அந்தக் கிளை மற்றவர்களுடைய கோப்புறைகளில் எழுதாமல் இருந்தால், திரும்ப இணையும் நாளில் உங்களுக்கு முரண்பாடும் இராது.

சேர்வர் கடிகாரம் சில நிமிடம் பிழைத்தால் என்ன?

‘கடைசியாகச் சேமித்தது வெல்லும்’ என்ற விதி கடிகாரத்தை நம்பித்தான் நிற்கிறது. மூன்று நிமிடம் முன்னால் ஓடும் சேர்வர் தோற்க வேண்டிய சண்டையிலும் வெல்லும். 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் சேர்வர்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் கெர்பரோஸ் சரிபார்ப்பே தோற்று, ரெப்ளிகேஷனும் நிற்கும். எல்லாச் சேர்வரும் டொமைன் கொன்ட்ரோலரிடம் (ஆக்டிவ் டைரக்டரியை வைத்திருக்கும் சேர்வர்) நேரம் கேட்கட்டும், அது சரியான நேரம் தரும் வெளி என்டிபி சேர்வரிடம் கேட்கட்டும்.

நேர வலயத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், உள்ளே எல்லாம் உலகப் பொது நேரத்தில்தான் எழுதப்படுகிறது. இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே என்ற பழைய நிலைக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பழைய நேரமே ஓடியது. ஓமந்தை தாண்டினால் கடிகாரத்தைத் திருப்பிய ஆட்களுக்கு, ஒரே நாட்டில் இரண்டு ‘இப்போது’ இருந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் இரட்டித்துத் தெரிகின்றன. ஏன்?

இந்தக் கேள்விக்கு ஆங்கிலக் கையேடுகளில் பதில் கிடைக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

‘கொடுப்பனவு’ என்று எழுதுங்கள். முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாக. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை இவற்றை வேறு வேறு பெயராகவே எடுத்துக்கொள்ளும். பழைய மேக் கணனிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறைமையோ எல்லாவற்றையும் பிரித்து வைக்கும். மேக்கில் வடிவமைப்பு வேலை செய்பவர் ஒருவர் கோப்பைத் திருப்பிப் போட்டால், ஒரே கோப்புறையில் இரண்டு ‘கொடுப்பனவு’ அருகருகே நிற்கும். சேர்வர் பிழை விடவில்லை. அதற்கு அவை ‘கந்தன்’, ‘முருகன்’ போல இரண்டு பெயர்.

இதைவிடச் சிக்கலானது ‘கௌரவ’. பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பைப் போட்டு, பக்கத்தில் ளகரத்தை அடித்துவிடுவார்கள். ‘கெளரவ’ என்று வரும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இதை எந்த மென்பொருளும் தானாகச் சேர்க்காது, ஏனென்றால் அது எழுத்துப்பிழை.

பாமினி எழுத்துருக் காலத்துப் பழைய கோப்புகள் இன்னொரு வகை. உள்ளே தமிழ், ஆனால் பெயர் எஃப், இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப் என்று நிற்கும். பாமினி விசைப்பலகை பழகியவர் அதைப் பார்த்தவுடன் ‘கணக்கு’ என்று வாசிப்பார். புதிதாக வந்த பிள்ளை குப்பைக் கோப்பு என்று அழித்துவிடும். அழித்தலும் மூன்று கந்தோருக்கும் பரவும்.

பிறகு நீளம். லினக்ஸ் நாஸ் பெட்டிகளில் ஒரு பெயருக்கு எல்லை 255 பைற். ஒரு தமிழ்க் குறியீடு 3 பைற் எடுக்கும். ‘யாழ்ப்பாணம்’ கண்ணுக்கு 6 எழுத்து, உள்ளே 11 குறியீடு, அதாவது 33 பைற். எட்டுத் தடவை எழுதினால் 264, எல்லை தாண்டிவிட்டது. சினோலொஜி நாஸ் பெட்டியில் பூட்டெழுத்தாக்கிய கோப்புறை என்றால் எல்லை 143 பைற், ஐந்தாவது ‘யாழ்ப்பாணம்’ உள்ளே போகாது. விண்டோஸ் அதே பெயரை முனகாமல் ஏற்கும். அதனால் சேர்வரில் எல்லாம் சரி, நாஸுக்குப் போகும் பேக்கப்பில் மட்டும் சில கோப்புகள் விடுபட்டுக்கொண்டிருக்கும். கடித விடயத்தை அப்படியே கோப்புப் பெயராக வைக்கும் பழக்கம் உள்ள கந்தோர்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

எங்கள் இடத்தில் விதி எளிது: திகதி இலக்கத்தில், அதன் பின் மூன்று தமிழ்ச் சொல்லுக்கு மேல் இல்லை.

விண்டோஸ் சேர்வர் வாங்க வசதியில்லை. வேறு வழி?

சின்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் நல்லது, இலவசம், வெளி நிறுவனத்தின் சேர்வரில் கோப்பு தங்காது. முரண்பாடு வந்தால் தோற்ற கோப்பை ஒளிக்காமல், பெயரில் திகதியும் நேரமும் சேர்த்து அதே கோப்புறையில் வைத்துவிடும். எல்லோர் கண்ணிலும் படும், இது எனக்குப் பிடித்த குணம். அனுப்ப மட்டும், பெற மட்டும் என்று பிரிக்கலாம், மேலே சொன்ன தாளுக்கு அது அப்படியே பொருந்தும். ஒரு பக்கமாக மட்டும் போனால் போதும் என்றால் இரவில் ஓடும் ஆர்சிங்க் ஒன்றே போதும். இரண்டிலும் மற்றக் கந்தோரின் பூட்டு தெரியாது, அது நினைவிருக்கட்டும்.

மூன்று இடத்தில் பிரதி இருக்கிறது. இனிப் பேக்கப் வேண்டாம்தானே?

வேண்டும். யாராவது ஒரு கோப்புறையை அழித்தால் சில நிமிடத்தில் மூன்று இடத்திலும் இல்லை. கப்பம் கேட்கும் ரான்சம்வேர் நெல்லியடியில் ஒரு கணனியில் புகுந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்புகளை யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் ஒழுங்காகச் சுமந்து போகும் வேலையை உங்கள் ரெப்ளிகேஷனே செய்துவிடும். பழைய பதிப்புகளோடு, சேர்வரிலிருந்து கழற்றி வைக்கும் ஒரு பிரதி தனியே இருக்க வேண்டும். மெய்நிகர் சேர்வர் வைத்திருப்பவர்கள் ஸ்னாப்ஷொட்டுக்கு (முன்பொரு கணத்தில் சேர்வர் இருந்த நிலையின் பிரதிக்கு) பின்னோக்கிப் போகாதீர்கள். தான் எந்தப் பதிப்பில் நின்றேன் என்பதை அந்தச் சேர்வர் மறந்துவிடும், மற்றவை மறக்காது.

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?

கந்தோரில் ஒருவரும் தொலைபேசி எடுக்கவில்லை என்பது சான்று அல்ல. பாக்லொக் என்ற எண்ணிக்கையைப் பாருங்கள்: அனுப்பக் காத்திருக்கும் கோப்புகள் எத்தனை என்று இரு சேர்வர்களுக்கு இடையில் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே காட்டும். பகலில் ஏறி இறங்கும், காலையில் பூச்சியத்துக்கு அருகில் இருக்க வேண்டும். மூன்று காலை தொடர்ந்து கூடிக்கொண்டு போனால் எங்கோ அடைத்திருக்கிறது.

அதோடு ஒரு பழைய வேலையும் செய்கிறேன். ஒவ்வொரு சேர்வரும் காலை 6 மணிக்குத் தன் ஊர்ப் பெயரில் உள்ள ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் அன்றைய திகதியை எழுதும். எட்டு மணிக்கு யாழ்ப்பாணச் சேர்வரில் மூன்று கோப்பையும் திறந்து பார்ப்பேன். நெல்லியடிக் கோப்பில் நேற்றைய திகதி இருந்தால், தேத்தண்ணிக்கு முன்னரே வேலை தொடங்கிவிட்டது.

வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் பிரச்சினை தருமா?

சில தரும். பரிசோதிக்கும்போது கோப்பின் பண்பையோ அனுமதியையோ தொட்டால், டிஎஃப்எஸ் அதை மாற்றமாக எடுத்து முழுக் கோப்புறையையும் திரும்பச் சுற்றவிடும். ஞாயிறு இரவு முழுப் பரிசோதனை, திங்கள் காலை பாக்லொக் ஐம்பதாயிரம் என்றால் காரணம் இதுதான். டிஎஃப்எஸ்ஸின் சொந்த மறைவுக் கோப்புறைகளைப் பரிசோதனையிலிருந்து விலக்குங்கள்.

ஒரு கிளையை மூடுகிறோம். அதன் சேர்வரை எப்படி எடுப்பது?

முதலில் நேம்ஸ்பேஸிலிருந்து அதன் பெயரை எடுங்கள், யாரும் புதிதாக அங்கே எழுதாமல் இருக்கட்டும். பிறகு அங்கிருந்து தலைமைக் கந்தோருக்கான பாக்லொக் பூச்சியமாகும் வரை பொறுங்கள். கடைசியில்தான் ரெப்ளிகேஷன் குழுவிலிருந்து நீக்க வேண்டும். அவசரத்தில் தலைகீழாகச் செய்தால் கடைசி நாள் வேலை அந்த வட்டிலேயே தங்கிவிடும்.

நீக்கினாலும் கோப்புகள் வட்டிலிருந்து அழியா, அப்படியே இருக்கும். சேர்வரை விற்பதானால் வட்டைக் கழற்றி வையுங்கள், அல்லது முழுதாகத் துடையுங்கள். கஸ்தூரியார் வீதிப் பக்கம் நான் வாங்கிய பழைய டிஸ்க் ஒன்றில் எந்தக் கந்தோருடையதோ தெரியாத இரண்டு வருடச் சம்பளப் பட்டியல் இருந்தது. கணக்கு இலக்கங்களோடு.